கைப்பிடிச் சுவரில் முதல் கோடு

மும்பை
12.10.2025

அன்புள்ள அக்கா சுஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் மனைவி அப்சானாவும் அல்லாஹ்வின் கிருபையில் சுகம். உன் சுகம், மச்சான் சுகம், உன் மகன் ஆசிப்பின் சுகம் எழுதவும். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதவும்.

போனில் பேசலாமே என்று மச்சான் கேட்பார். உன் காது மந்தமான பிறகு நாம் பேசும் லட்சணம் எனக்குத்தான் தெரியும். நான் கத்துகிறேன், நீ "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்கிறாய். தோல் பட்டறையில் யாருக்கு என்ன ஆச்சு என்று எல்லோரும் ஓடி வருகிறார்கள். கடிதமே மேல்.

பெட்டியை ஒழித்தபோது ஒரு தாள் கிடைத்தது. அத்தா மவுத்தாகி அடக்கம் செய்த வருஷம் நான் எடுத்த நகல். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அவர் போடவைத்த பிறைக் கோடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு ரமலான் பிறைக்கும் அவர் படிக்கட்டு அறையின் வாசல் நிலையில் முதுகைச் சாய்த்து நிற்பார். "இன்னும் வலது, இன்னும் வலது, அங்கதான்" என்பார். நாகமலைக்கு மேலே பிறை தெரிகிற இடத்துக்கு நேராக நாம் ஆணியால் கீறுவோம். டவுனில் காஜிமார் தெருவை விட்டு விளாங்குடியில் வீடு கட்டிக் குடிவந்த 1993-இல் முதல் கோடு போட்டோம். உனக்கு இருபது வயது, எனக்குப் பதினைந்து.

ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முந்தி வருவதால் பிறையும் மலைமேல் நகர்ந்துகொண்டே போயிற்று. இடது ஓரம் வரை போனது, வலது ஓரம் வரை போனது, இப்போது திரும்பி வருகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருகிற பிப்ரவரியில் ஒரு முழுச் சுற்று முடிந்து அந்த முதல் கோட்டுக்கே வந்து சேருகிறது.

அன்றைக்கு அத்தா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "இது சுத்தி இங்க வர்றப்ப நான் இருக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பாத்துருங்க." நாம் "சரி அத்தா" என்றோம்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்கிறேன். நம் ஊர் மலை எப்படி இருக்கும் என்று பட்டறையில் ஒருவன் கேட்டான். தோலில் சாக்கட்டியால் வரைந்து காட்டப் போனேன். ஒரு கோடுதான் வந்தது. முப்பது நாப்பது தடவை அந்த மலைக்கு மேலே பிறையைத் தேடியிருக்கிறேன், மலையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஆகையால் சாயங்காலம் மாடிக்குப் போய், என்ன தெரிகிறது என்று பார்த்து எழுது. நான் வந்து சேரும் வரைக்கும் எனக்கு அது வேண்டும்.

துஆவுடன்,
தம்பி ஹலீம்


விளாங்குடி
24.10.2025

அன்புத் தம்பி ஹலீமுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்து, எல்லோரும் சுகம் என்று அறிந்து மனம் நிறைந்தது. இங்கே உன் மச்சானுக்கு இடுப்புப் பிடிப்பு. கடையில் ஆணி டப்பாவைத் தூக்கினாராம். ஆசிப் வேலைக்குப் போய் வருகிறான். எனக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது. கேட்டாய், சொல்லிவிட்டேன், இதற்கு ஒரு பாட்டம் அறிவுரை வேண்டாம்.

மலை இருக்கிறது. காலையில் நீலம், சாயங்காலம் கறுப்பு. போதுமா? நான் மாடிக்குப் போவது துணி காயப்போட. கொடி கிழக்கே கட்டியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக மலைக்கு முதுகைக் காட்டியே துணி பிழிந்தவளிடம் வந்து மலை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய். இப்போது பக்கத்தில் கட்டட வேலை வேறு நடக்கிறது, துணியெல்லாம் சிமெண்டுத் தூசி.

அத்தா சொன்னது மறக்கவில்லை. நீ லீவு வாங்கப் பார்.

அன்புடன்,
அக்கா சுஃபியா


மும்பை
5.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். மச்சானுக்கு இடுப்பு தேவலையா? ஓமத்தைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அப்சானா எழுதச் சொன்னாள்.

காலையில் நீலம், சாயங்காலம் கறுப்பு. இதற்கு ஒரு தபால்தலையை வீணாக்கினாய் அல்லவா? மலைக்கு எத்தனை மேடு? எந்த மேடு உயரம்? மரம் இருக்கிறதா, வெறும் பாறையா? ஆசிப் போனில் படம் பிடித்தாவது அனுப்பு.

இங்கே நான் தோல் வெட்டுகிற மேஜைக்கு எதிரே ஒரு சன்னல். சன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் ஒரு தண்ணீர்க் குழாய். பதினோரு வருஷமாக அந்தக் குழாயைப் பார்க்கிறேன். அதை வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன்.

லீவு கிடைத்துவிட்டது. பிப்ரவரி 14 கிளம்பி 16 வந்துவிடுவேன். டிக்கெட்டும் போட்டாயிற்று. இன்ஷா அல்லாஹ், 18-ஆம் தேதி சாயங்காலம் நீயும் நானும் அந்த நிலையில் முதுகைச் சாய்த்து நிற்கிறோம்.

தம்பி ஹலீம்


விளாங்குடி
23.11.2025

அன்புத் தம்பிக்கு,

சலாம். உன் மச்சான் நடமாடுகிறார். ஒத்தடம் கொடுத்ததில் ஓமம்தான் தீர்ந்தது, ஆனாலும் அப்சானாவிடம் நல்லாயிற்று என்று சொல்லிவிடு. எனக்குச் சர்க்கரை இருநூறு.

படம் எடுத்துப் பார்த்தோம். போனில் மலை எறும்பு வரிசை மாதிரி வருகிறது. நேரே நின்று பார்த்தால் அம்புட்டுப் பெரிசாக இருப்பது படத்தில் எங்கே போகிறதென்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஐந்து நாளாக மழை. முந்தாநாள் வெறித்தது. மலை பக்கத்தில் வந்து நின்றது தம்பி. மழைக்கு அப்புறம் அப்படித்தான் வரும் போலிருக்கிறது, நான் இதுவரை கவனித்ததில்லை. பாறை எது, புதர் எது என்று தனித்தனியாகத் தெரிந்தது. மேடு ஏழு. ஏழா எட்டா என்று எனக்கே சந்தேகம், ஏனென்றால் கடைசி மேட்டின் மேல் ஒரு மேகம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. நாலாவதுதான் உயரம். பாறைமேல் மழைத்தண்ணீர் இறங்கிய தடம் வெள்ளையாக மினுங்கியது. வெயில் சாய்ந்ததும் ஒவ்வொரு மேடாக நிறம் போயிற்று, கடைசியில் மேல்விளிம்பு மட்டும் செம்புக் கம்பி மாதிரி கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கொக்கு. நூறு இருக்கும். கத்தாமல், அவசரமில்லாமல், மலையின் குறுக்கே போயின.

மஃரிப் பாங்கு சொல்லியும் நான் நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணுக்கு முன்னால் இது தினமும் நடந்திருக்கிறது. நான் துணி மடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கொஞ்சம் அழுகைகூட வந்தது, சிரிக்காதே.

செருப்பு தேய்ந்துபோய் ஆசிப் புதுசு வாங்கித் தந்திருக்கிறான். மற்றபடி விசேஷமில்லை.

அக்கா


மும்பை
6.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். இருநூறு என்பது நல்ல சேதி. மாத்திரையை மாற்றினார்களா?

உன் கடிதத்தைப் பட்டறையில் இந்தியில் சொல்லிக் காட்டினேன். கொக்கு வந்த இடத்தில் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நானும் ஒரு காரியம் செய்தேன். பதினோரு வருஷத்தில் முதல் முறையாகப் பட்டறை மொட்டைமாடிக்கு ஏறினேன். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே நின்று பார்த்தால், கிழக்கே ஒரு மலை. நம் மலை போலப் பெரிசில்லை. ஆனாலும் மலை. எங்கள் ஆட்களிடம் கேட்டேன், ஒருவனுக்கும் பேர் தெரியவில்லை.

இன்னும் எழுது. மார்கழியில் சூரியன் எங்கே இறங்குகிறது என்று பார். மலையடியில் ரெட்டைப் பனை இன்னும் இருக்கிறதா? அத்தா சொன்ன அடையாளம் என்று அதைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.

தம்பி ஹலீம்


விளாங்குடி
22.12.2025

அன்புத் தம்பிக்கு,

சலாம். எல்லோரும் சுகம். சர்க்கரை நூற்று எழுபது. டாக்டரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மாத்திரை மாற்றவில்லை.

ரெட்டைப் பனை இருக்கிறது. இப்போது சூரியன் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இறங்குகிறது. நேற்று இரண்டு பனையும் வாசல்கால் மாதிரி நின்றன, சூரியன் விருந்தாளி மாதிரி குனிந்து உள்ளே போயிற்று. அந்நேரம் தண்ணீரில் மலை தலைகீழாக விழுந்து கிடந்தது. ஒரு முக்குளிப்பான் பறவை உள்ளே போய் எழுந்ததில் மலை கலங்கி, திரும்பவும் மெதுவாகக் கூடிற்று. அதைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் போயிற்று.

ஆடு மேய்க்கிற பாண்டியம்மாள் என்னைக் கேலி செய்கிறாள். "என்ன பாயம்மா, தெனம் வந்து மலையவே பாக்குற, அது எங்கிட்டும் ஓடிப்போயிராது" என்கிறாள். நான் வராத அன்றைக்கு "நேத்து செவப்பு சாஸ்தி, நீ பாக்கலயே" என்று அவளே வருத்தப்படுகிறாள்.

உனக்கு நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி உடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


மும்பை
2.1.2026

அக்காவுக்கு,

சலாம். நாங்கள் சுகம்.

நேராகவே கேட்கிறேன். நீ எங்கே நின்றுகொண்டு எழுதுகிறாய்?

உன் கடிதத்தையும் அத்தாவின் கோட்டுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் மாடியில் இருந்து பார்த்தால் ரெட்டைப் பனை முதல் கோட்டுக்கு வலது பக்கம். மார்கழியில் வந்த பிறைகள் எல்லாம் இடது கடைசியில் இருக்கின்றன. மார்கழிச் சூரியனும் அங்கேதான் இறங்க வேண்டும். அது எப்படி அக்கா வலது பக்கப் பனைக்குள் போகும்? தோல் வெட்டுகிறவனுக்கு ஒரு விரற்கடை தப்பினால் தெரியும். இது ஒரு முழம் தப்பியிருக்கிறது. நம் மாடியில் இருந்து கண்மாய்த் தண்ணீரும் தெரியாது. பாண்டியம்மாள் மாடியில் ஏறி ஆடு மேய்க்கிறவளும் இல்லை.

வீட்டை விற்றுவிட்டீர்களா? மச்சானுக்குக் கடையில் ஏதும் கஷ்டமா? எதுவானாலும் எழுது. மூன்று நாளாக வேலை ஓடவில்லை.

ஹலீம்


விளாங்குடி
24.1.2026

அன்புத் தம்பிக்கு,

சலாம். பதில் எழுதத் தாமதமாயிற்று. நாலு முறை எழுதிக் கிழித்தேன். முதலில் இதைப் படி: வீடு வீடாகவே இருக்கிறது, கடை கடையாகவே இருக்கிறது, எல்லோரும் சுகம்.

மேற்கே காலி மனை கிடந்ததே, அதைக் கண்ணுச்சாமி அண்ணன் வாங்கி ஆவணியில் வேலையை ஆரம்பித்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். நாலு மாடி. உன் முதல் கடிதம் வந்தபோது இரண்டு மாடி எழும்பியிருந்தது. இப்போது நிலையில் முதுகைச் சாய்த்து நின்றால் அவர் வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. மலையும் இல்லை, பிறையும் வராது.

சண்டை போடலாமா என்று உன் மச்சானிடம் கேட்டேன். "அவுக மனையில அவுக கட்டுறாக. மலை நம்ம பேர்லயா பத்திரம் ஆகியிருக்கு?" என்றார்.  ஆசிப்பிடமும் உன் காதில் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

முதல் கடிதத்தில் சமாளித்துவிட்டேன். நீ மேடு எத்தனை என்று கேட்டதும்தான் முழித்தேன். எனக்கும் தெரியவில்லையே. சரி, பொய் சொல்வதையாவது சரியாகப் பார்த்துச் சொல்வோம் என்று கண்மாய்க் கரைக்கு நடந்தேன். போக வர மூன்று கிலோமீட்டர். சர்க்கரை எப்படி இறங்கிற்று என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். முதல் வாரம் உனக்காகப் போனேன். அப்புறம் எனக்காகத்தான் போகிறேன். உனக்கு எழுதியதில் இடம்தான் பொய், பார்த்தது ஒன்றுகூடப் பொய் இல்லை.

ஆனால் அத்தாவுக்குக் கொடுத்த வார்த்தை என் கண்முன்னால் செங்கல் செங்கலாக மூடிப்போயிற்று. இங்கேயே இருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுதான் எழுத வரவில்லை. டிக்கெட்டை என்ன செய்வது என்று நீயே முடிவு செய்துகொள். வந்தால் சந்தோஷம்.

அக்கா சுஃபியா


மும்பை
31.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். உன் கடிதம் கண்டு ஒரு நாள் கோபம், ஒரு நாள் அழுகை, மூன்றாம் நாள் யோசனை. டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

வீட்டை விற்றிருப்பீர்களோ என்று பயந்து கிடந்தவனுக்கு ஒரு சுவர் பெரிய விஷயமா. இப்போது யோசனையைக் கேள். நிலை ஒரு புள்ளி, முதல் கோடு ஒரு புள்ளி. இரண்டையும் நூலால் இணைத்து நேரே நீட்டினால் கண்ணுச்சாமி அண்ணன் வீட்டுச் சுவரில் ஓர் இடத்தில் முட்டும். அங்கிருந்து தூக்குக்குண்டு கட்டி மேலே ஏற்றினால் அவர் மொட்டைமாடி. அங்கே அதே நேரைப் பிடித்துக்கொண்டால் அத்தாவின் கோடு கெடாது, இடம்தான் ஒரு வீடு தள்ளிப் போகும். நம் மலையை மறைத்தவர் மாடியில் நின்றால் மறைப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

போய்க் கேட்டுப் பார். வெட்கமாக இருந்தால் மச்சானை அனுப்பு. வேண்டாம், நீயே போ. மச்சான் மலைக்குப் பத்திரம் கேட்பார்.

தம்பி ஹலீம்


விளாங்குடி
8.2.2026

அன்புத் தம்பிக்கு,

சலாம். இது உன் கையில் கிடைப்பதற்குள் நீ கிளம்பிவிடக் கூடாது என்று இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

கேட்டேன்.  கண்ணுச்சாமி அண்ணன், "ஏம்மா, அஸ்திவாரம் தோண்டுறப்பவே சொல்லிருக்கக் கூடாதா? இம்புட்டுக் கோடு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலயே" என்றார். நம் மாடிக்கே வந்து ஒவ்வொரு கோடாகத் தடவிப் பார்த்தார். கொத்தனார் மருதுவைக் கூட்டிவந்து நூல் பிடிக்கிறேன் என்றிருக்கிறார். அவர் மாடிக் கைப்பிடிச் சுவரை இன்னும் பூசவில்லை. பிறை பார்த்த பிறகு பூசிக்கொள்ளலாம் என்று நிறுத்திவைத்துவிட்டார்.

ரயிலில் குளிரும், போர்வை கொண்டு வா.

அக்கா


மும்பை
5.3.2026

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். நோன்பு நல்லபடியாகப் போகிறது. நீ கட்டிக்கொடுத்த பச்சரிசியில் கஞ்சி காய்ச்சி பட்டறை முழுக்கக் கொடுத்தாயிற்று. அங்கே மச்சானும் ஆசிப்பும் நலமா? நோன்பில் நடக்கிறேன் என்று மயங்கி விழுந்துவிடாதே.

அன்றைய பிறையை நினைக்காத நாள் இல்லை. கோட்டுக்கு இரண்டு விரற்கடை இடதுபுறம் தெரிந்தது. நம் அத்தாவாக இருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கண்ணுச்சாமி அண்ணன், "பாய், இந்தச் செவுத்துலயும் ஒண்ணு போடுங்க, அடுத்த சுத்துக்கு ஆகும்ல" என்று ஆணியை நீட்டினாரே, அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த சுற்றுக்கு எனக்கு எண்பத்தொன்று. நீ இருந்தால் எண்பத்தாறு, அப்போதும் "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்பாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இத்தனை மாதம் நீ என்னிடம் மறைத்தாய், இந்த இரண்டு வாரம் நான் மறைத்தேன். கணக்கு நேர்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் நீ சமையலில் இருந்தபோது நான் தனியாகக் கண்மாய்க் கரைக்குப் போனேன். பாண்டியம்மாள் என்னைப் பார்த்ததுமே, "பாயம்மா தம்பியா? மொகம் சொல்லுதே" என்றாள். மடைச் சுவருக்குக் கூட்டிப்போய், "இங்கனதான் நிக்கும். இதெல்லாம் அது கிறுக்குனது" என்றாள்.

அடுப்புக்கரிக் கோடுகள், ஒவ்வொன்றின் அடியிலும் தேதி. நான் ஒன்று விடாமல் எண்ணினேன் அக்கா. எழுபத்தெட்டு. சூரியன் மலையில் இறங்கிய இடத்துக்கு நேராக, நீ போன ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. மழை அழித்ததைத் திரும்பவும் அழுத்திப் போட்டிருக்கிறாய். எனக்குச் சரியாக எழுத வேண்டும் என்று ஆரம்பித்திருப்பாய். ஆனால் இடம் தெரிந்துபோன ஜனவரிக்குப் பிறகும் கோடுகள் நிற்கவில்லை. நான் ஊரில் இருந்த நாட்களுக்கும்கூட இருந்தன. நீ கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியது அங்கேதானா?

அத்தா வருஷத்துக்கு ஒரு கோடு போட்டார், அதுவும் பிறை வருகிற நாளுக்கு. நீ பெருநாளும் இல்லாத, விருந்தும் இல்லாத வெறும் செவ்வாய்க்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் போட்டிருக்கிறாய். நான் அந்தச் சுவரில் கைவைத்தபடி ரொம்ப நேரம் நின்றேன். உள்ளங்கையெல்லாம் கரி. ரயிலில் ஏறிய பிறகுதான் கழுவினேன்.

நேற்று நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தோடு பட்டறை மொட்டைமாடிக்குப் போனேன். இங்கே சூரியன் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்குள் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் கிழக்கு மலை கொஞ்ச நேரம் சிவந்து நின்றது. பாங்கு கேட்கும் வரை பார்த்தேன். பையில் இருந்த சாக்கட்டியை எடுத்து, கைப்பிடிச் சுவரில் ஒரு கோடு போட்டேன்.

நேற்று இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை.

உன் துஆவை வேண்டும்,
தம்பி ஹலீம்